ஹவாயன் மொழி கத்துக்கணுமா? தமிழ் வழியா உள்ள போங்க

ஹவாயன் மொழி படிக்க ஆரம்பிச்சப்ப நான் கையில எடுத்தது ஒரு இங்கிலீஷ் பாடப்புத்தகம். அதுல “நாம்”ங்கிற ஒரே விஷயத்துக்கு பக்கம் பக்கமா விளக்கம், கேக்குறவரையும் சேத்து சொன்னா ஒரு சொல்லு, அவர விட்டுட்டு சொன்னா வேற சொல்லுன்னு படமெல்லாம் போட்டு காட்டியிருந்தாங்க, நானும் அத அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தேன், ஒரு நாள் திடீர்னு உறைச்சது, இது நம்ம நாம / நாங்க தானே, வீட்ல தினமும் பேசுறதுதானேன்னு. அதுக்கப்புறம் இங்கிலீஷ நடுவுல வைக்காம தமிழ்ல இருந்து நேரா உள்ள போய் பாத்தேன். நிறைய இடம் சுலபமாச்சு, சில இடத்துல நம்ம நாக்கே குறுக்க நிக்குது. புதுசா வர்றவங்களுக்கு ரெண்டையும் சொல்றேன்.

மொதல்ல மொழிய பத்தி கொஞ்சம். இது ஆஸ்ட்ரோனேசியன் குடும்பம், தைவான்ல தொடங்கி மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஈஸ்டர் தீவு வரைக்கும் கடல் வழியாவே பரவுன குடும்பம், சுமார் 1,200 மொழி இருக்கு. மலாய், டகாலோக், மாவோரி, தஹித்தியன் எல்லாம் சொந்தக்காரங்க. 1778-ல கேப்டன் குக் கப்பல் வந்தப்ப ஹவாய் தீவுகள் முழுக்க இந்த மொழிதான். அப்புறம் வெளியில இருந்து வந்த நோய்ங்கள்ல மக்கள் கூட்டம் கூட்டமா செத்தாங்க, 1893-ல ராணி லிலி'உஒகலனிய (பேருக்கு நடுவுல வர்ற ' குறி என்னன்னு ஸ்டெப் 1-ல சொல்றேன்) ஆட்சியில இருந்து இறக்குனாங்க, 1896-ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்தான் பயிற்று மொழின்னு சட்டம் வந்துச்சு. வீட்டு மொழிய ஸ்கூல்ல பேசுனதுக்கு அடி வாங்குனத பல பெரியவங்க சொல்லியிருக்காங்க. பிள்ளைங்களாச்சும் கஷ்டப்படக் கூடாதுன்னு அப்பா அம்மாவே மொழிய சொல்லிக்குடுக்காம விட்டாங்க. 1980கள் தொடக்கத்துல 18 வயசுக்கு கீழ சரளமா பேசுறவங்க 50 பேர் கூட இல்லன்னு கணக்கு சொல்றாங்க. நி'இஹஉங்கிற சின்ன தீவுல மட்டும்தான் பிள்ளைங்க தாய்மொழியா பேசிக்கிட்டு இருந்தாங்க.

அங்க இருந்து திரும்பி வந்த கதை பெருசு. 1978-ல மாநில அரசியலமைப்புல இங்கிலீஷோட சேத்து ஆட்சி மொழி ஆக்கினாங்க, 1983-ல ஆசிரியர்கள் சிலர் சேந்து “பூனன லெஒ” அமைப்ப தொடங்கி அடுத்த வருஷமே கவாய் தீவுல மழலையர் பள்ளி தொறந்தாங்க. பூனனன்னா கூடு, லெஒன்னா குரல், குரலோட கூடு. மாவோரிக்காரங்க நியூசிலாந்துல 1982-லயே இதே மாதிரி பள்ளி ஆரம்பிச்சிருந்தாங்க, அங்க பேரு கோஹங்க ரெஒ, லெஒவும் ரெஒவும் ஒரே சொல்லுதான். இப்ப ஹவாய்ல மழலையர் பள்ளியில இருந்து முனைவர் பட்டம் வரைக்கும் இந்த மொழியிலேயே படிக்கலாம். 2016-ல வந்த மாநில அரசு அறிக்கையில வீட்ல ஹவாயன் பேசுறவங்க 18,000-க்கு மேல. ஆனா அதுல பெரும்பாலானவங்க வளந்தப்புறம் கத்துக்கிட்டவங்க, தாய்மொழியா கேட்டு வளந்த பெரியவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, அதனால யுனெஸ்கோ அட்லஸ்ல இன்னும் மிக அபாய நிலையிலதான் வச்சிருக்காங்க.

ஸ்டெப் 1: காதும் நாக்கும்

ஒரு வாரம் இத மட்டும் பண்ணுங்க. இலக்கணத்துக்கு அவசரப்படாதீங்க.

உயிர் அஞ்சு: அ எ இ ஒ உ. அஞ்சுக்கும் நெடில் உண்டு: ஆ ஏ ஈ ஓ ஊ. இங்கிலீஷ்காரங்க இந்த குறில் நெடிலுக்கு படுற பாடு நமக்கு இல்ல, ஒண்ணாம் கிளாஸ்லயே முடிஞ்சுருச்சு. அவங்க லத்தீன் எழுத்துல எழுதுறாங்க, நெடில்னா எழுத்து தலைக்கு மேல ஒரு கோடு, அதுக்கு பேரு கஹகோ. உதாரணத்துக்கு கனகன்னா மனுஷன், பலபேர்னா முதல் எழுத்து நீண்டு கானக ஆயிரும். வஹினெ பொண்ணு, வாஹினெ பொண்ணுங்க. (எல்லா சொல்லுக்கும் இப்படி நீளாது, ஒரு சின்ன கூட்டத்துக்கு மட்டும்தான்.) நாம அலோஹான்னு எழுதுறோம்ல, உண்மையில அது அலொஹ, ரெண்டுமே குறில். லொ மேல அழுத்தம் விழுறதால நீளமா கேக்குது, அவ்ளோதான்.

மெய் எட்டு. ஹ, க, ல, ம, ந, ப, வ, அப்புறம் 'ஒகின. இந்த 'ஒகினதான் இந்த மொழிக்கே ஜீவன். தொண்டைய ஒரு நொடி அடைச்சு தொறக்குற சத்தம் அது, குழந்தை அடுப்பு பக்கம் போனா “அ... அ...”ன்னு தடுப்போமே, ரெண்டு அ-வுக்கும் நடுவுல தொண்டையில ஒரு வெட்டு விழும், அதேதான். அவங்க எழுத்துல தலைகீழ் கமா மாதிரி போடுவாங்க, நான் இந்த கட்டுரையில ' குறி போட்டு காட்டுறேன். இது அலங்காரம் இல்ல, ஒரு முழு மெய்யெழுத்து. கொஉன்னா “உன்னோட”, கொ'உன்னா “என்னோட”. ஒரு வெட்டு விட்டுப்போச்சுன்னா என் பேரு உங்க பேராயிரும். இன்னும் பாருங்க: பஉ – முடிஞ்சது, ப'உ – புகைக்கரி, ப'ஊ – ஈரம், பா'ஊ – பாவாடை. நாலு சொல்லையும் சத்தமா நாள்தோறும் சொல்லிப் பாருங்க, ரெக்கார்ட் பண்ணி நீங்களே கேளுங்க.

தமிழ் நாக்கு குறுக்க நிக்கிற இடம் இங்கதான் இருக்கு. ரெண்டு உயிர் பக்கத்துல வந்தா நாம தன்னால ஒரு ய் இல்ல வ் சொருகிருவோம், உடம்படுமெய்ன்னு ஸ்கூல்ல படிச்சோமே அது. 'ஒகின இல்லாத இடத்துல லேசா வந்தா பரவால்ல, அவங்களுக்குமே வரும். ஆனா 'ஒகின இருக்குற இடத்துல அத சொருகுனா சொல்லே செத்துரும். மீனுக்கு இ'அன்னு சொல்லணும், “இய”ன்னு சொல்லக்கூடாது. அதனாலதான் சொல்லுக்கு நடுவுல எல்லாம் உயிரெழுத்த அப்படியே வச்சு எழுதியிருக்கேன், பாக்க புதுசா இருந்தாலும் படிக்கிறப்ப உதவும்.

ரெண்டாவது, க வும் ப வும். நாம சொல்லுக்கு நடுவுல வந்தா இளக்கிருவோம், பகல்ல வர்ற க மாதிரி. ஹவாயன்ல எங்க வந்தாலும் கெட்டியாத்தான் இருக்கணும், பக்கம், அப்பளம் மாதிரி. விகிவிகின்னா சீக்கிரம், க்கி-ன்னு சொல்லுங்க (விக்கிப்பீடியாவுல இருக்குற விக்கி இதேதான், ஹொனொலுலு ஏர்போர்ட் பஸ்ஸோட பேர்ல இருந்து எடுத்தாங்க). வ-வுக்கு மட்டும் ரெண்டு சத்தம் உண்டு, இ, எ-க்கு அப்புறம் பல் பட வரும், உ, ஒ-வுக்கு அப்புறம் உதடு குவிஞ்சு வரும்.

ஒரு கதை இங்க சொல்லியாகணும். மிஷனரிங்க 1822-ல அச்சடிக்க ஆரம்பிச்சப்ப ஹொனொலுலுவ ஹொனொருருன்னும் கமெஹமெஹ ராஜாவ தமெஹமெஹன்னும் எழுதுனாங்க, ஏன்னா மக்கள் க-வையும் த-வையும், ல-வையும் ர-வையும் மாத்தி மாத்தி சொன்னாங்க, அவங்க காதுக்கு அது ஒரே எழுத்து. 1826-ல வோட்டு போட்டு உபரி எழுத்தெல்லாம் தூக்கிட்டாங்க. ஒரே ப-வ வச்சு பல்லையும் கம்பையும் எழுதுற நமக்கு இது புரியாம போகாது. நி'இஹஉ ஆளுங்க பேச்சுல அந்த த இன்னைக்கும் கேக்கும், தப்பா பேசுறாங்கன்னு நினைச்சுராதீங்க.

கீபோர்டு: போன் செட்டிங்ஸ்ல ஹவாயன் சேத்துக்குங்க, 'ஒகினவும் கஹகோவும் வந்துரும். முதல் நாள்ல இருந்தே குறியோட டைப் பண்ணுங்க, அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டா கடைசி வரைக்கும் வராது.

ஸ்டெப் 2: பேச்சு தொடங்குறது

காலையில அலொஹ ககஹிஅக, சாயங்காலம் அலொஹ அஹிஅஹி. எப்படி இருக்கீங்க – பெஹெஅ 'ஒஎ? நல்லாருக்கேன் – மஇக'இ. நன்றி – மஹலொ. ஆமா – 'அஎ. இல்ல – 'அ'ஒலெ. பேரு கேக்க – 'ஒ வஇ கொஉ இனொஅ? பதில் – 'ஒ செல்வி கொ'உ இனொஅ. எந்த ஊரு – நொ ஹெஅ மஇ 'ஒஎ? பதில் – நொ மதுரை மஇ அஉ. ஊர் பேர நொ, மஇ ரெண்டுக்கும் நடுவுல வச்சா போதும். இத்தன போதும் முதல் மாசத்துக்கு.

ஒருத்தர மட்டும் பாத்து வணக்கம் சொன்னா அலொஹ காஉஅ. கூட்டமா இருந்தா அலொஹ காகொஉ. காஉஅன்னா நீயும் நானும் ரெண்டு பேர், காகொஉன்னா நாம எல்லாரும். வணக்கத்துலயே நம்மளையும் சேத்துக்குறாங்க பாருங்க, எனக்கு இந்த மொழியில ரொம்ப பிடிச்ச இடம் இது.

ஸ்டெப் 3: நாம, நாங்க, நாம ரெண்டு பேர்

தனி ஆளுக்கு: அஉ நான், 'ஒஎ நீ, 'ஒ இஅ அவன் / அவ. ஆண் பெண் பிரிவு கிடையாது, மரியாதைக்கு “நீங்க”ன்னு தனி சொல்லும் கிடையாது, பெரியவங்ககிட்டயும் 'ஒஎதான், மொதல்ல கூச்சமா இருக்கும், பழகிரும்.

நமக்கு இல்லாதது இருமை. ரெண்டு பேர்னா தனி சொல்லு: காஉஅ (நீயும் நானும்), மாஉஅ (உன்ன விட்டுட்டு நாங்க ரெண்டு பேர்), 'ஒலுஅ (நீங்க ரெண்டு பேர்), லாஉஅ (அவங்க ரெண்டு பேர்). மூணும் அதுக்கு மேலயும்: காகொஉ (நாம), மாகொஉ (நாங்க), 'ஒஉகொஉ, லாகொஉ. தலைய பாருங்க, கா வந்தா நீயும் உள்ள, மா வந்தா நீ வெளிய. வால பாருங்க, உஅ-வுல லுஅங்கிற ரெண்டு ஒளிஞ்சிருக்கு, கொஉ-வுல கொலுங்கிற மூணு ஒளிஞ்சிருக்கு. இத புரிஞ்சுக்கிட்டா மனப்பாடமே வேணாம். மலேசியா, சிங்கப்பூர்ல இருக்குறவங்களுக்கு இன்னும் லேசு, மலாய்ல கீத்தா, காமி சொல்றீங்கல்ல, அதே பழைய வேர்தான் கா, மா ஆயிருக்கு.

மலாய் தெரிஞ்சவங்க இங்கயே ஒரு நோட்டு போட்டுக்குங்க. மலாய்ல த வர்ற இடத்துல ஹவாயன்ல க வரும், க வர்ற இடத்துல 'ஒகின வரும். கண் – மாத்தா / மக. சாவு – மாத்தி / மகெ. பேன் – கூத்து / 'உகு. அந்த 'உகுவோட குதிக்கிறதுங்கிற லெலெ சேந்தா 'உகுலெலெ, நம்மூர்ல யுகலேலேன்னு விக்கிற அந்த குட்டி கிட்டார்! லீமா மட்டும் எங்க போனாலும் மாறல, மலாய்ல அஞ்சு, ஹவாயன்ல லிமன்னா கை, 'எலிமன்னா அஞ்சு.

ஸ்டெப் 4: வாக்கியத்த தலைகீழா கட்டுறது

நாம வினைய கடைசியில வைப்போம், அவங்க முதல்ல வைப்பாங்க. நான் மீன் சாப்பிட்டேன் – உஅ 'அஇ அஉ இ க இ'அ. சாப்பிட்டாச்சு, நான், மீனைன்னு வரிசை. முன்னாடி நிக்கிற உஅதான் முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது. மீனுக்கு முன்னாடி வர்ற இ நம்ம ஐ வேற்றுமை மாதிரி, நாம பின்னாடி ஒட்டுறத அவங்க முன்னாடி வைக்கிறாங்க. வினை எப்பவும் மாறாது, ஆளுக்கு தகுந்த மாதிரி விகுதி கிடையாது. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னா கெ 'அஇ நெஇ அஉ, சாப்பிடுவேன்னா எ 'அஇ அன அஉ. இல்லன்னு சொல்ல 'அ'ஒலெ அஉ இ 'அஇ, அதாவது சாப்பிடல. எதிர்மறை வந்தா நான்-ங்கிற சொல்லு முன்னாடி ஓடி வந்துரும், எல்லாரும் மறக்குற இடம்.

இங்கிலீஷ் புத்தகங்க ஒரு முழு பாடம் எடுத்து அழுகுற ஒண்ணு, இந்த மொழியில “இருக்கிறேன்”னு இணைக்கிற வினை இல்லங்கிறது. நமக்கும்தான் இல்லையே! நான் டீச்சர்னு சொல்றோம், முடிஞ்சது. ஹெ குமு அஉ – ஒரு டீச்சர் நான். குமுன்னா ஆசிரியர், அடிமரம், எல்லாத்துக்கும் மூலம், மூணும். அதே மாதிரி “வச்சிருக்கேன்”ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரு வினை இருக்கே, அதுவும் ஹவாயன்ல இல்ல. எனக்கு நாய் இருக்குன்னு சொல்ல ஹெ 'ஈலிஒ க'உ, என்னோட ஒரு நாய்ன்னு அர்த்தம்.

பேர்ச்சொல்லுக்கு முன்னாடி க இல்லன்னா கெ வரும். க், எ, அ, ஒ-ல தொடங்குற சொல்லுக்கு கெ: கெ குமு, கெ அலொஹ. மத்ததுக்கு க: க ஹலெ, வீடு. 'ஓலெலொ (மொழி, பேச்சு) 'ஒகினல தொடங்குறதால க 'ஓலெலொ. கெ பாகஉகஉ மாதிரி சில விதிவிலக்கு இருக்கு (மேசை), வர வர தெரிஞ்சுக்குங்க. பலபேர்னா நா.

ஸ்டெப் 5: என்னோடது ரெண்டு விதம்

இத அவசரமா தாண்டாதீங்க. கொ'உன்னா என்னோட, க'உன்னாவும் என்னோட. எனக்கு தானா வந்தது, நான் தேர்ந்தெடுக்காதது, என்ன தாங்குறது, நான் உள்ள இருக்குறது எல்லாம் ஒ பக்கம்: கொ'உ மகுஅஹினெ (அம்மா), கொ'உ லிம (கை), கொ'உ இனொஅ (பேரு), கொ'உ ஹலெ, கொ'உ க'அ (கார்). நானா உண்டாக்குனது, நானா சேத்துக்கிட்டது அ பக்கம்: க'உ கெஇகி (பிள்ளை), க'உ ஹன (வேலை), க'உ காநெ (புருஷன்). அம்மா ஒ, பிள்ளை அ. அம்மாவ நாம தேர்ந்தெடுக்கல, பிள்ளைய நாம பெத்தோம். ஒரு உறவ எப்படி பாக்குறோம்ங்கிறத ஒரு உயிரெழுத்துல சொல்றாங்க.

ஒரே பொருளுக்கு ரெண்டும் வந்தா அர்த்தம் மாறும். புஅங்கிறது ஒரு ஆளோட பேருன்னு வைங்க, கெ கி'இ அ புஅன்னா புஅ எடுத்த போட்டோ. கெ கி'இ ஒ புஅன்னா புஅ இருக்குற போட்டோ. தமிழ்ல “புஅவோட போட்டோ”ன்னா ரெண்டுமே இருக்கலாம், அங்க குழப்பமே இல்ல. புது சொல்லு எழுதி வைக்கிறப்ப பக்கத்துலயே ஒ, அன்னு குறிச்சு வைங்க.

திசைச் சொல்லு ரெண்டையும் இங்கயே புடிச்சுக்குங்க, மஇன்னா பேசுறவர் பக்கம், அகுன்னா அந்தப்பக்கம். ஹெலெ மஇ வா, ஹெலெ அகு போ. ஹா'அவி மஇ எனக்கு தா, ஹா'அவி அகு அவங்களுக்கு கொடு. தா-வையும் கொடு-வையும் தொல்காப்பியம் இடம் பாத்து பிரிச்சு வச்சிருக்கே, அதே எண்ணம். தெருவுல வழி கேட்டா கிழக்கு மேற்கு சொல்ல மாட்டாங்க, மஉக (மலைப்பக்கம்), மகஇ (கடல் பக்கம்) இதான், இங்கிலீஷ்ல பேசுறப்ப கூட இதையே சொல்வாங்க.

ஸ்டெப் 6: எங்க படிக்கிறது

டிக்‌ஷ்னரிக்கு வெஹெவெஹெ தளம். மேரி கவென புகுஇயும் சாமுவேல் எல்பர்ட்டும் சேந்து 1957-ல கொண்டுவந்த அகராதியோட பெரிய பதிப்பு உள்ளயே இருக்கு, காசு கிடையாது. டுவோலிங்கோல 2018-ல இருந்து ஹவாயன் கோர்ஸ் இருக்கு, சொல்லு பழகறதுக்கு ஓகே, ஆனா ஏன்னு விளக்காது, அத மட்டும் வச்சு போனா ஒ அ பிரிவு கடைசி வரைக்கும் புரியாது. மெஷின் ட்ரான்ஸ்லேஷன நம்பி பச்சை குத்திக்கிறது, கடைக்கு பேர் வைக்கிறது ரெண்டும் வேணவே வேணாம், நிறைய தப்பு வரும், அடுத்தவங்க அடி வாங்கி காப்பாத்துன சொல்லு அது.

கேக்குறதுக்கு லாரி கிமுரா 1972-ல இருந்து 1988 வரைக்கும் நடத்துன “க லெஒ ஹவஇ'இ” ரேடியோ நிகழ்ச்சி. தாய்மொழியா பேசுன பெரியவங்கள கூப்பிட்டு சும்மா பேசவிட்டு பதிவு பண்ணியிருக்காங்க, பல நூறு மணி நேரம் இருக்கு, கனி'ஆஇன தொகுப்புல இணையத்துலயே கேக்கலாம். புரியலன்னாலும் தினமும் பத்து நிமிஷம் ஓட விடுங்க. அப்படிப்பட்ட பேச்சாளர மானலெஒன்னு சொல்வாங்க. மானன்னா பெரியவங்க மென்னு குழந்தைக்கு ஊட்டுற சோறு, லெஒ குரல். ஊட்டி வளத்த குரல்.

ஆளுங்களோட பேசுறப்ப ஒண்ணு கவனிங்க. ஹவாய்ல குடியிருக்குற எல்லாரையும் ஹவாயன்னு சொல்லாதீங்க, அது பூர்வகுடிகளுக்கான பேரு. தெருவுல கேக்குற பிட்ஜின் வேற மொழி, தோட்டத்துல வேலைக்கு வந்த பல நாட்டு ஆளுங்க சேந்து உண்டாக்குனது, அதையும் இதையும் கலக்காதீங்க. கடன் சொல்லு கேட்டா சிரிக்காதீங்க, மெலெ கலிகிமகன்னா மெர்ரி கிறிஸ்துமஸ், ர, ஸ இல்ல, எல்லா அசையும் உயிர்ல முடியணும், அதான் அப்படி. ஸ்கூல இஸ்கூல்னு சொல்ற பாட்டிங்க நம்மகிட்டயும் உண்டு. புதுச்சொல்லும் நிறைய கட்டுறாங்க, கம்ப்யூட்டர் லொலொஉஇல, அதாவது மின் மூளை. ஈமெயில் லெக உஇல, நம்ம மின்னஞ்சல் அப்படியே.

ஸ்டெப் 7: ஆறு மாசம் கழிச்சு

1834-ல இருந்து 1948 வரைக்கும் ஹவாயன்ல நூறுக்கு மேல பத்திரிகை வந்திருக்கு, சுமார் 1,25,000 பக்கம். செய்தி, இரங்கல் பாட்டு, பழங்கதை, மருந்து, அரசியல் சண்டை எல்லாம் உள்ள இருக்கு, ஸ்கேன் பண்ணி இணையத்துல வச்சிருக்காங்க, இன்னும் பெரும்பகுதிய யாரும் மொழிபெயர்க்கல. ஒரே சிக்கல், அந்தக் காலத்து அச்சுல கஹகோ கிடையாது, 'ஒகினவும் பெரும்பாலும் கிடையாது. கொஉன்னு இருந்தா என்னோடதா உன்னோடதான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். புள்ளியே இல்லாம, எ-ஏ, ஒ-ஓ பிரிக்காம ஓலைச்சுவடி எழுதி வச்சவங்க வழியில வந்தவங்க நாம, இந்த வேலை நமக்கு புதுசு இல்ல. ஒரு சின்ன பத்தி எடுங்க, பத்து வரிக்கு மேல வேணாம், நோட்டுல ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்க, அகராதிய பாத்து ஒவ்வொரு சொல்லுக்கும் கோடும் வெட்டும் பென்சில்ல போட்டுக்கிட்டே வாங்க, சந்தேகம் வந்த சொல்ல வட்டம் போடுங்க, அப்புறம் முழுசையும் வாய் விட்டு படிங்க. வாரத்துக்கு ஒரு பத்தி.